நடீனுக்கு வழி விட்டவர்கள்

வெர்னுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஆறு பேர் வேண்டும், பக்கத்துக்கு மூன்று பேர். ஐந்து பேர்தான் வந்தார்கள் என்றால் அவன் முகம் இழவு வீட்டு முகமாகிவிடும். சனிக்கிழமையே எல்லோருக்கும் போன் போட்டு உயிரை எடுப்பான். சியாட்டிலில் வக்கீல் ஆபீஸ்களுக்குச் சைக்கிளில் காகிதம் கொண்டுபோகிற வேலை அவனுக்கு. லிஃப்டில் இன்னொரு கூரியர்காரனைப் பார்த்துவிட்டால் போதும், "நாளைக்கு வர்றேல்ல?" என்று வாக்கு வாங்காமல் கதவைத் திறக்க விடமாட்டான். நாற்பது வயது தாண்டியும் கல்யாணம் இல்லை. மேட்டுத் தெருவில் நகராட்சி மறந்துபோன ஒரு டென்னிஸ் கோர்ட்டில் சைக்கிள் போலோ நடத்துவதுதான் அவன் குடும்பம், குட்டி எல்லாம்.

பணக்காரர்கள் குதிரைமேல் உட்கார்ந்து மட்டையால் பந்தடிக்கிற ஆட்டத்தைக் குதிரைக்குப் புல் வாங்க வக்கில்லாதவர்கள் ஆடினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கும். பழைய சாமான் கடையில் வாங்கிய பனிச்சறுக்குக் கோல்தான் மட்டைக்குக் காம்பு. தெருவில் கேஸ் குழாய் பதிக்கிறவர்கள் வெட்டிப்போட்ட துண்டுதான் அதற்குத் தலை. தேர்தல் முடிந்ததும் தோற்ற ஆளின் விளம்பர அட்டைகளைப் பிடுங்கி வந்து, சக்கரக் கம்பிகளுக்குள் பந்து நுழையாமல் மூடி வெட்டுவான். ஜெயித்தவனுடையதைப் பிடுங்கினால் போலீஸ் வரும் என்பான். எல்லோருக்கும் மட்டை செய்து தருகிறவன் அவன்தான். செய்வதில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சறுக்குக் கோல் உள்ளே வெறும் குழாய். கைப்பிடி முனையில் ஒயின் பாட்டில் தக்கையைத் திணித்து டேப் சுற்ற வேண்டும். அடைக்காவிட்டால் அந்த முனை கத்திக்குச் சமம்.

போன மார்ச்சில் ஒரு ஞாயிறு ஐந்து பேரோடு நின்றுபோனது. வேலிக்கு வெளியே ஒருவன் சைக்கிளோடு நின்று வேடிக்கை பார்த்தான். "உள்ள வாய்யா, சும்மா ஆடு" என்று வெர்ன் இழுத்து வந்துவிட்டான். ஆள் கிடைத்த சந்தோஷத்தில், பையில் பாதி வேலையில் கிடந்த மட்டையை எடுத்துக் கொடுத்தான். முனை அடைக்காதது. ஓர் ஆட்டம்தானே என்று நினைத்தான். அந்தப் புது ஆள் திரும்பும்போது தடுமாறி, மட்டைக் கையை உயர்த்தினான். பக்கத்தில் வந்த நடீனின் இடது கண்ணில் அந்த முனை இறங்கிவிட்டது.

நடீனும் கூரியர்தான். அந்தக் கும்பலிலேயே அவளைப் போல ஆட ஆள் கிடையாது, அவள் வாய்க்குப் பயப்படாத ஆளும் கிடையாது. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கம்பெனியில் அவளைச் சைக்கிளிலிருந்து இறக்கி, போன் எடுக்கிற மேஜையில் உட்கார்த்தினார்கள். வெர்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில், "மூஞ்சிய அப்படி வச்சுக்காத. நான் செத்துப்போன மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

திட்டியிருந்தால் தேவலை. அவள் திரும்ப வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டால் தன் பாரம் பாதியாவது இறங்கும் என்று அவன் மனதில் விழுந்துவிட்டது. அதன் பிறகு வேறு நினைப்பே இல்லை. புது மட்டை செய்துகொண்டு அவள் வீட்டுக்கு நடையாய் நடந்தான். அவன் கொண்டுபோன பீரைக் குடித்துவிட்டு அவள் மட்டையைத் திருப்பி அனுப்பினாள். இலை உதிரும் காலத்தில்தான் இறங்கி வந்தாள்.

"வர்றேன். ஆனா ஒருத்தனும் என்னைப் பாத்துப் பாவப்படக் கூடாது. பாவப்பட்டீங்க, அன்னிக்கோட சரி."

"சத்தியமா மாட்டோம்" என்றான் வெர்ன்.

சொன்ன கையோடு எல்லோருக்கும் போன் போட்டான். "அவ இடது பக்கமா யாரும் வராதீங்க. மோதாதீங்க. ஓட்டிஸ், உனக்குத்தான் முக்கியமா சொல்றேன், எருமை மாதிரி குறுக்க விழாதே."

ஓட்டிஸ் நடீனோடு பல வருஷம் ஆடியவன். "அவளுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சுருவா" என்றான்.

"எப்படித் தெரியும்? வாயை மூடிட்டு இரு."

ஞாயிறு தூறலாக இருந்தது. கட்சி பிரிக்க எல்லோர் மட்டையையும் நடுவில் குவித்தார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிய வேண்டும். மட்டை விழுந்த பக்கம்தான் கட்சி. அண்ணன் தம்பியானாலும் மறுபேச்சு கிடையாது. அன்று வெர்ன் எறிந்தான். இமை இடுக்கு வழியாகப் பார்த்து, நடீனை ஓட்டிஸ் மோதாதபடி இருவர் மட்டையையும் ஒரே பக்கம் போட்டான்.

முதலில் அவள் பந்தைத் தவறவிட்டாள். பிறகு பழக்கம் வந்தது. பந்தைத் தள்ளிக்கொண்டு நேராகப் போய் கோல் போட்டாள். எல்லோரும் கூச்சல் போட்டார்கள். அவள் சிரித்ததைப் பார்த்து வெர்ன் மட்டையால் தரையைத் தட்டினான். இரண்டாவது கோலும் போட்டாள். யாரும் குறுக்கே வராமலே மூன்றாவதும் விழுந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆட்டத்தில் கால் தரையில் பட்டால், பார்த்தவன் "கால்!" என்று கத்துவான். பட்டவர் ஓரமாகப் போய் வேலியில் கட்டிய தகரத்தை மட்டையால் தட்டிவிட்டுத்தான் திரும்ப ஆட வரலாம். பெற்ற தாய் வந்து ஆடினாலும் விடமாட்டார்கள். நடீன் மைதானத்தின் நடுவில், எல்லோர் கண்ணுக்கும் எதிரே, வலது காலை நிதானமாகத் தரையில் வைத்தாள்.

யாரும் கத்தவில்லை. ஓட்டிஸ் பந்தைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டான்.

இடது காலையும் வைத்தாள். "கத்துங்கடா" என்றாள்.

எல்லோரும் வெர்னைப் பார்த்தார்கள்.

"வெர்ன், மட்டையை எறியறப்போ கண்ணை மூடினியா நீ?"

"நடீன், உனக்கு அடிபட்டுடக் கூடாதேன்னுதான்..."

"கண்ணு போச்சே, அது தவறி நடந்துச்சு. அதை உன் தலையில நான் கட்டவே இல்ல. இதை நீ யோசிச்சு, எல்லாருக்கும் சொல்லி, வேணும்னே செஞ்சிருக்க." அவள் குரல் உடைந்தது. "ஆபீஸ்ல பாவப்படறாங்க. பஸ்ல எழுந்து எடம் குடுக்கறாங்க. இங்கயாவது ஒருத்தன் என்னை இடிச்சுத் தள்ளுவான்னு வந்தேன்டா."

மட்டையை வெர்ன் கையில் கொடுத்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அவன் பின்னாலேயே போனான்.

"வராத" என்றாள், திரும்பாமல்.

அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அவள் சாலைக்குப் போய் சைக்கிளில் ஏறி இறக்கத்தில் போனாள். பின்னால் இடது பக்கமாக ஒரு லாரி நெருங்கியது. "லாரி!" என்று கத்த வாய் திறந்தது. கத்தவில்லை. அவள் கழுத்தை முழுசாகத் திருப்பி லாரியைப் பார்த்து, ஒதுங்கி, அது போனதும் தன் வழியே போனாள். அவள் இனி வரமாட்டாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.