நாலு விரல் சூடு

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

பெரிய ஜெனரேட்டர்களைப் பழுது பார்க்கிற ஒரு காண்டிராக்டரிடம் எனக்கு வேலை. ஆள் நுழைகிற அளவு இரும்பு வளையம், அதற்குள் படுத்துக்கொண்டு, கம்பிச்சுருள் நகராமல் இருக்க, உள்பக்கம் நீளவாக்கில் வெட்டியிருக்கிற காடிகளில் ஆப்பு அடிக்க வேண்டும். அந்த வளையம் ஒரே கட்டி இல்லை, பேப்பர் மாதிரி தகடுகளை வார்னிஷ் பூசி அடுக்கியது. சுத்தியல் தவறிப் பட்டு இரண்டு தகடு ஒட்டிக்கொண்டால் போதும், வேண்டாத கரண்ட் அங்கே சுற்றி அந்த இடம் கொதிக்கும். அதனால் யார் அடித்தது என்று தெரிய அவரவர் காடியில் சாக்பீஸால் பேரின் முதல் எழுத்தைப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம்.

ஞானதாஸ் என் கூட்டாளி, தக்கலைக்காரன், ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினில் மோதிர விரலைக் கொடுத்தவன். அன்று அவன் டீ குடிக்கப் போயிருந்தான், உதவியாக இருக்கட்டும் என்று அவன் காடியில் மிச்சமிருந்த ஆப்பை நான் அடித்தேன். சுத்தியல் வழுக்கித் தகட்டில் பட்டது. பக்கத்தில் 'ஞா' என்று எழுதியிருந்தது. நான் அதை அழிக்கவில்லை.

மறுநாள் டெஸ்டுக்குக் கரண்ட் விட்டதும், சூடு காட்டுகிற கேமராவில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"எனக்க வேலை இல்ல சாரே" என்றான் ஞானதாஸ்.

"எழுத்து உனக்கதுதானடே?" என்றார் சூப்பர்வைசர். "விரலு போன கைக்கு சுத்தியல் எதுக்கு? நீ அடிக்கல்லேன்னா அந்தக் கொதிக்கிற இடத்துலயே கைய வச்சு சத்தியம் பண்ணு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஞானதாஸ் என்னைப் பார்த்தான். "செல்லையா, நீ அங்கதான நின்ன? சொல்லுலே மக்கா."

நான் தரையைப் பார்த்தேன். அவன் அந்த விரல் போன கையை வைத்தான், வைத்தவன் எடுக்கவில்லை, தோல் கருகுகிற நாற்றம் வந்த பிறகு ஆட்கள்தான் இழுத்தார்கள். அன்றே வேலை போயிற்று. புண் ஆறவில்லை, அழுகிக் கை வீங்கி, ஆறு வாரத்தில் செத்துப்போனான். அடக்கத்துக்குப் போனேன், அவன் பெண்டாட்டி எனக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள், குடித்தேன்.

அடுத்த வருஷம் வேறொரு ஊர், வேறொரு ஜெனரேட்டர். பட்டப்பகல், இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. நான் உள்ளேயிருந்து வெளியே வந்து கேமராவைத் தாண்டிப் போனேன்.

"எவன்லே உள்ள கைய வச்சது?" என்றார் அதே சூப்பர்வைசர்.

திரையில் குளிர்ந்த இரும்பின் நடுவே ஒரு உள்ளங்கை, வெள்ளையாக. விரல் நாலு, மோதிர விரல் இல்லை. எல்லாரும் கையை விரித்துக் காட்டினோம், அத்தனை பேருக்கும் அஞ்சு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மங்கி இல்லாமலாயிற்று. சூப்பர்வைசர் கேமராவை எங்கள் பக்கம் திருப்பினார். "செல்லையா, திரும்பி நில்லு." நின்றேன். அவர் சிரிக்கவில்லை. பனியனைக் கழற்றச் சொன்னார், முதுகைத் தொட்டவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். திரையைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். டாக்டர் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். ஆனால் இன்றைக்கும் நான் குளித்துவிட்டு வந்தால் முதுகில் ஒரு இடம் மட்டும் முதலில் காய்கிறது. உடம்பெல்லாம் ஈரமாக இருக்கும்போது, அது மட்டும். எந்த வடிவில் என்று என் பெண்டாட்டி ஒருநாள் சொல்ல வந்தாள், நான்தான் தடுத்துவிட்டேன்.