அரக்கில் குத்த ஒரு முத்திரை

அப்பா காலமான பிறகு, அவர் பெயரெழுத்து செதுக்கிய முத்திரை மோதிரத்தைத் தபாலில் அனுப்பச் சொல்லி பம்பாயிலிருந்து அண்ணன் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டான். மூத்த பிள்ளைக்குத்தான் உரிமையாம். இன்சூர் செய்வதா, வெறும் ரிஜிஸ்தர் போதுமா என்று எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு.

"இன்சூர் பண்ணிருவோம். தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார் என் கணவர்.

"மதிப்பை மேல எழுதணும்ல. திருடனுக்கு நாமளே சொல்லிக் கொடுக்கவா?" என்றேன்.

எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மோதிரப் பெட்டியைத் துணியில் வைத்துத் தைத்தேன், பிரித்தேன், மறுபடி தைத்தேன். கடைசியில் இன்சூர்தான் என்று முடிவுகட்டி, கோரிப்பாளையத்திலிருந்து பாலம் தாண்டித் தபாலாபீசுக்குப் போனோம்.

குமாஸ்தா பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். "தையல் மேல எல்லாம் அரக்கு வச்சு ஒங்க சொந்த முத்திரையைக் குத்தணும்மா. காசு, பொத்தான் வச்சு அழுத்துறதெல்லாம் ஆகாது. முத்திரை எங்க?"

"உள்ள இருக்கு" என்றேன். எங்களிடம் இருந்த ஒரே முத்திரை அதுதான்.

வந்த எரிச்சலில் அங்கேயே ஒரு கார்டு வாங்கி அண்ணனுக்கு எழுதினேன்: மோதிரம் வேண்டுமானால் நேரில் வந்து வாங்கிக்கொள்.

அப்பாவின் சாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றவன், கார்டு கிடைத்த மறுநாளே ரயிலேறிவிட்டான்.