கைப்பிடி மாற்றிய ரீல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் என் வீட்டுக்காரரின் வலது கை மாட்டிக்கொண்டது. கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் மிஷின் எடுத்துக்கொண்டது. புண் ஆறியதும் கம்பெனியில் அவரை வாட்ச்மேனாகக் கேட்டில் உட்காரவைத்தார்கள்.

அதுவரை ஞாயிறு என்றால் அவர் ஏரிக்கரையில் மீன் பிடித்துக்கொண்டுதான் இருப்பார். டப்பாவில் சுற்றிய தங்கூஸ் நரம்பு, தூண்டில் முள், மண்புழு, அவ்வளவுதான் சாமான். மீன் இழுத்தால் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி நரம்பை வலிப்பார். இனி அது முடியாது. டப்பா பரணுக்குப் போனது. ஞாயிறு முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

நான் தைக்கப் போன கம்பெனியில் ஒருத்தி, தன் தம்பி ரீல் வைத்த தூண்டிலில் மீன் பிடிப்பதாகச் சொன்னாள். ஒரு கையால் கோலைப் பிடித்து இன்னொரு கையால் சுற்றினால் போதுமாம். அன்றே அவரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அந்த ரீல் விக்கிற கடை எங்க கீதுன்னு கேட்டியா?"

ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனைப் பக்கம் விசாரித்துப் போனோம். கடைக்காரர் ஒரு ரீலை எடுத்து வைத்தார். "சோத்துக் கையில கோலு, பீச்சாங் கையில சுத்தணும்."

"எனக்கு அப்படி ஆவாதுங்க," என்று இவர் பேன்ட் பையிலிருந்து வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கடைக்காரர் கைப்பிடியைக் கழற்றி ரீலின் மறுபக்கம் மாட்டினார். "இப்ப சுத்திப் பாரு."

கைப்பிடிக் குமிழ் சின்னது. கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் நிற்காமல் வழுக்கியது. அடுத்தது ஒரே கனம். மூன்றாவதாக வந்தது பழைய மாடல், மரக் குமிழ் வைத்தது. அது கையில் உட்கார்ந்தது. இவர் சுற்றினார். தேவைக்கு மேல் ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டே இருந்தார். கடைக்காரரும் விட்டுவிட்டார்.

"இது போதும்," என்றார் இவர் கடைசியில்.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனை இருந்தது. நரம்பு நுனியில் ஒரு நட்டைக் கட்டி வேலை முடிந்து வந்ததும் வீசிப் பழகினார். இடது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. நட்டு காலடியிலேயே விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் போனது. அந்த நாட்களில் அவர் ஸ்பூனால் சாப்பிடுவதை யாராவது பார்த்தால்கூட முன்போலத் தட்டோடு எழுந்து போகவில்லை.

மழை விட்டு ஏரி நிரம்பியிருந்த ஒரு ஞாயிறு, நானும் கூடப் போனேன். வெயில் ஏறும்வரை ஒன்றும் கடிக்கவில்லை. பிறகு கோல் சட்டென்று வளைந்தது. விரால். இவர் சுற்றினார். வியர்வையில் குமிழ் வழுக்கியது. மறுபடி பிடித்தார். மறுபடி வழுக்கி, கைப்பிடி பின்னால் சுழன்று தழும்பிலேயே அடித்தது. ரீல் பின்னால் சுழலாமல் தடுக்கச் சின்னப் பொத்தான் ஒன்று உண்டு. பதற்றத்தில் அதைப் போடவில்லை. வலியில் முகம் கோணியது. கோலை மட்டும் விடவில்லை.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த ஒருவர் ஓடிவந்தார். "உடு அண்ணாத்தே, நான் பாத்துக்கிறேன்." கோலை வாங்கி நரம்பைச் சுற்றிக் கரையேற்றிவிட்டார். முள்ளைக் கழற்றி, நல்ல பெரிய விராலை இவர் காலடியில் போட்டார். "இந்தா, உன்னுதுதான்."

நல்ல மனுஷன். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் கிடையாது.

இவர் மீனைப் பார்த்தார். "நீயே எட்துகினு போ நைனா."

அவர் கேட்கவில்லை; என் பையில் போட்டுவிட்டுப் போனார். குழம்பு வைத்தேன். இவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

"அடுத்த வாரம் பொத்தானைப் போட்டுக்கினா சரியாப் பூடும்," என்றேன்.

"பொத்தான் இல்லம்மே," என்றார். "அவன் கோலைப் புடுங்கிக்கினப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

நான் தட்டை எடுத்துக் கழுவப் போனேன். மறு ஞாயிறு அவர் படுத்தேயிருந்தார். அதற்கடுத்த ஞாயிறும். கம்பெனி மூடும்வரை கேட்டில் உட்கார்ந்தார். மூடிய பிறகு வீட்டில் உட்கார்ந்தார்.