பீர் குறிப்பின் இரண்டாம் திருத்தம்

ஓர் ஆவணம் திருத்தப்பட்டால், பழைய பிரதி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் புதியது போய்ச்சேர வேண்டும். பழையது திரும்பி வர வேண்டும். பெற்றதற்குக் கையெழுத்து வேண்டும். சவூதியின் அல் கோபாரில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த விதியைக் கட்டிக் காத்தவன் நான். பழைய வரைபடம் ஒன்று சைட்டுக்குப் போய்விட்டால் எஞ்சினியர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பேன். என் பீருக்கு மட்டும் விதிவிலக்கு அளித்திருந்தேன்.

பீர் என்பதே பெரிய வார்த்தை. கடையில் விற்கும் மதுவில்லாத மால்ட் பானம், சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட், குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் டிரம். பிடிபட்டால் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு. அதனால் செய்முறை வாய்வழியாகத்தான் பரவியது. ஒருவர் சர்க்கரையின் அளவை விழுங்குவார், இன்னொருவர் நாட்களின் எண்ணிக்கையை. பயம் என்று சொல்லிக்கொண்டோம். பாதிக்கு மேல் கர்வம்.

எங்கள் மாடியிலேயே ஒரு மதுரைக்காரர் மனைவியோடு இருந்தார். எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை மதியங்களில் என் பீருக்கு அவர்தான் பரிசோதகர்.

"அண்ணே, இது பீரா, பஞ்சர் ஒட்டுற சொல்யூஷனா?"

"கிளாஸ் காலியா இருக்கே?"

"காலி பண்ணாத்தானேண்ணே குறை தெரியும்!"

இன்றும் மங்காத வெள்ளிக்கிழமைகள் அவை. அப்படிச் சிரித்துக் குடித்த பீரை அதன்பின் நான் எங்கும் குடிக்கவில்லை, நட்சத்திர ஓட்டல்கள் உட்பட.

பிறகு அவருக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. மங்காஃபில் வீடு. கிளம்பும் முன், "அங்க போய் நான் பச்சத் தண்ணியவா குடிக்கிறது? சொல்லுங்கண்ணே" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் மனைவி தன் சமையல் நோட்டில் 'மோர்க்குழம்பு' என்று தலைப்பிட்டு எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து என் பாட்டில்கள் இரண்டு வெடித்தன. ஆளில்லாத நேரம். பாட்டிலில் அடைக்கும்போது போட்ட சர்க்கரை அதிகம், புளித்து முடியும் முன்பே அடைத்தும்விட்டேன். இரண்டையும் திருத்தினேன். பாட்டில்கள் அமைதியாயின, பீரும் பளிங்குபோல் தெளிந்தது. போனில் அவர் வாரம் தவறாமல் கேட்பார்: "புதுசா ஏதும் மாத்துனீங்களாண்ணே?"

"மாஃபி, ஒண்ணுமில்ல," என்பேன். என் பீருக்கு நிகராக இன்னொரு பீர் இருப்பதில் எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான் காரணம்.

அந்த மே மாத வெயிலில் அவர் மனைவி சமையலறை அலமாரியைத் திறந்தபோது பாட்டில் வெடித்தது. கண்ணாடி வலது உள்ளங்கையைக் கிழித்து நரம்பு வரை போயிற்று. மங்காஃபில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த கை. ஆஸ்பத்திரியில் சோடா பாட்டில் வெடித்தது என்று சொல்லிச் சமாளித்தார்கள். வாடையை மோப்பம் பிடித்த குடியிருப்பின் காவலாளி கேள்வி கேட்கத் தொடங்கியதும், ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்தார்கள்.

அவர் போன் செய்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க பாட்டில் எப்பவாச்சும் வெடிச்சிருக்கா?"

"அது வந்து..." என்று இழுத்தேன்.

"கலாஸ்ணே, முடிஞ்சுது," என்று வைத்துவிட்டார்.

அன்றே எல்லாவற்றையும் எழுதினேன்: என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், எப்போதிலிருந்து தெரியும். அவர் மனைவியின் எண்ணுக்கு அனுப்பி மன்னிப்புக் கேட்டேன். கோபாரில் காய்ச்சிய அத்தனை பேரிடமும் வெடித்த கதையைத்தான் முதலில் சொன்னேன். செய்முறை அதற்குப் பிறகு. வீட்டில் காய்ச்சுகிறவன் குறிப்பைத் திறந்து வைக்கத்தான் வேண்டும், தோற்ற பகுதியோடு சேர்த்து. ருசியை மறைத்தால் பிறருக்கு வருத்தம். பிழையை மறைத்தால் காயம்.

அவர்களிடமிருந்து பதில் இல்லை. செய்தி படிக்கப்பட்டதற்கான நீலக் குறிகள் மட்டும். நான் ஓய்வு பெற்றுக் கோவைக்கு வந்தேன். ஆண்டுகள் போயின.

பிறகு அவர் மனைவியிடமிருந்து நாலு வரி வந்தது. 'ரெண்டு விரல் இன்னும் முழுசா மடங்கல. ஊசி பிடிக்க வருது. நீங்க அனுப்பினத இங்க கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துட்டேன். அவர் உங்ககூடப் பேச மாட்டாராம், நான் பேசுறேன்.'

அன்று ஆடிப்பதினெட்டு, எதைத் தொடங்கினாலும் பெருகும் என்கிற நாள்.