சாவடியில் பொங்கிய தலைப்பொங்கல்

வீட்டுச் செலவுக்காகக் கொண்டுவரும் தின்பண்டத்துக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை என்பது விதி. வெல்லம் தின்பண்டம்தான் என்பது என் கட்சி. சாராயம் காய்ச்சும் சரக்கு என்பது எல்லையிலிருந்த கோரிமேட்டுச் சுங்கச் சாவடிக்காரர் கட்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. திண்டிவனம் பக்கத்தில் பிறந்த நான் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் பஞ்சாலைக் கணக்கு எழுதப் போய், அதனாலேயே வெளிநாட்டுவாசி ஆனேன். மாட்டுவண்டியில் ஒரே நாளில் வந்து சேரக்கூடிய வெளிநாடு. கல்யாணமான முதல் பொங்கலுக்கு என் மாமனார் புதுப்பானை, புத்தரிசி, மஞ்சள் கொத்து, தன் கொல்லைக் கரும்பில் காய்ச்சிய வெல்லம் எல்லாவற்றையும் வண்டியிலேற்றிப் போகியன்று வந்தார். வெல்லத்தை மட்டும் விட மறுத்தார்கள். தகவல் கிடைத்து நான் ஓடினேன்.

"வெல்லம் கடையில வாங்கிக்கலாம். மத்தத எடுத்துக்கிட்டு வாங்க மாமா."

"சீர்ல பாதிய வழியில உட்டுட்டு வர்றதா? வந்தா முழுசா வருவேன் மாப்ள. இல்ல, வண்டியத் திருப்பிடறேன்."

சீர் திரும்பினால் அவர் ஊரில் ஒரே அர்த்தம்தான்: மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மேலிடத்துக்கு நல்ல பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுத்தேன். மாமனார் வண்டியோடு சாவடியிலேயே தங்கிவிட்டார். பொங்கலன்று காலை என் மனைவி ஆள் தள்ளும் புஸ்புஸ் வண்டி பிடிக்கச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள்.

"வெல்லம் வரக்கூடாது, சரி. பொங்கல் வரலாமா?" என்று சாவடிக்காரரைக் கேட்டாள்.

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நானும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வடித்த சாராயம் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது; ஆக்கிய சோறு பற்றி ஒரு வரியும் இல்லை.

"சோத்துக்குத் தடையில்ல முசே. ஆனா அடுப்பு அந்தாண்ட இருக்கணும்" என்றார் என்னைப் பார்த்து.

தடுப்புக் கழிக்கு அப்பால், பிரிட்டிஷ் மண்ணில், அடுப்பு மூட்டினாள். பால் எந்தத் திசையில் பொங்கி வழிகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம், கிழக்கு விசேஷம். கிறிஸ்தவரான சாவடிக்காரருக்கு இது புதுச் செய்தி. அருகில் வந்து குந்திக்கொண்டார்.

"கிழக்கால வழிஞ்சா எங்க எல்லைக்குள்ள வந்துடுமே?"

"வந்தா புடிச்சுக் கட்டிப் போடுங்க" என்றாள் என் மனைவி.

பொங்கி வழியும் பால் விதிப்புத்தகத்தில் எந்தப் பிரிவில் வரும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே நுரை எழும்பியது, தயங்கியது, கிழக்கே சரிந்து கழிக்கடியில் ஓடியது. எல்லாரும் கத்தினோம். சாவடிக்காரர் குரல்தான் பெரிது.

அரிசி வெந்ததும் வெல்லம் அத்தனையும் பானைக்குள் போயிற்று. ஒரு கட்டி மிஞ்சினாலும் அது திரும்பிய சீர்தானே. மாமனார் பானையை வைக்கோலில் இருத்தி, வண்டியை ஓட்டிவந்து, தெருவே பார்க்க எங்கள் வாசலில் இறங்கினார். அந்தப் பொங்கலை இரண்டு வாய்க்கு மேல் யாராலும் சாப்பிட முடியவில்லை, அவ்வளவு தித்திப்பு. அவர் மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெல்லத்தை உள்ளே கொண்டுவரத் தடையில்லை என்ற பதில் சித்திரை ஐந்தாம் தேதி வந்தது.