இணைச்சீர்ப் பக்கத்தில் ஒரு சதுரம்

இது தாராபுரத்தில் பட்டப்பகலில் நடந்தது. பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைப்பவர்கள் வேறு கதை தேடிப் போகலாம். மதிவதனி சத்தியம் பண்ணிச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

மதிவதனி ஒரு டி.டி.பி. கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். அன்று காலையிலேயே அவள் கொதித்துக்கொண்டிருந்தாள். காரணம், எதிரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த பாலுசாமி. தென்னந்தோப்பும் நூல் மில்லும் உள்ளவர். மறுநாள் அவர் மகன் கிருபாசங்கருக்குக் கல்யாணம்; அதற்கு முந்தின இரவான அன்றே இணைச்சீர். கல்யாணச் சீர்களை விளக்கி மகனே வேர்டில் ஒரு சின்னப் புத்தகம் அடித்து வைத்திருந்தான். அதில் படங்களைச் சேர்த்து அச்செடுக்க வேண்டும்.

இணைச்சீரில் மாப்பிள்ளை பக்கத்தில் உடன்பிறந்தவள் நிற்க வேண்டும். கிருபாசங்கருக்குத் தங்கை இருக்கிறாள், பிரவீனா. மதிவதனியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். ரூபனைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூர் போய்விட்டாள். ரூபனின் அப்பா பாலுசாமியின் தோப்பில் கூலிக்குப் போனவர். அதுதான் குற்றம்! வீட்டில் அவள் பெயரையே யாரும் எடுப்பதில்லை. "சீருக்கு அண்ணன் பக்கத்துல நிக்க என்னையக் கூப்புடுவாங்களா புள்ள?" என்று போன மாதம்கூட மதிவதனியிடம் போனில் கேட்டாள்.

"இணைச்சீர்ப் பக்கத்துல எங்க பங்காளி ஊட்டுப் புள்ள போட்டோவ வெச்சுருங்க அம்மணி," என்று சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார் பாலுசாமி.

"சொந்தத் தங்கச்சி இருக்கறப்போ இது எதுக்குங்க?"

"எனக்கு ஒரே பையன்தானுங்க."

எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் பாருங்கள்! மதிவதனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் படத்தை ஸ்கேன் செய்து மாப்பிள்ளை படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

படம் நழுவி அடுத்த பக்கத்துக்குப் போனது.

வேர்டில் இது சகஜம்தான். படத்தை ஒரு நூல் நகர்த்தினால் எழுத்தெல்லாம் கோழிக்குஞ்சு மாதிரி சிதறி ஓடும். அந்த எரிச்சலில் அவள் எத்தனையோ முறை மௌஸை மேஜையில் அடித்திருக்கிறாள். மறுபடி இழுத்து வந்து வைத்தாள். இனி அசையக்கூடாது என்று, படத்தை ஓரிடத்தில் நிறுத்தும் நங்கூரக் குறியைப் பூட்டினாள்.

படம் மறுபடியும் போய்விட்டது. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

சரி, போகட்டும். ஆனால் அது போன இடத்தில் எழுத்து வந்து நிரம்பவில்லை. வரிகள் ஒரு சதுரத்தைச் சுற்றி விலகி ஓடின. உள்ளே ஒன்றும் இல்லை. இல்லாத படத்துக்கு எழுத்து வழிவிட்டு நின்றது... மாப்பிள்ளைக்குப் பக்கத்தில்.

மதிவதனி எல்லாப் படங்களையும் அழித்தாள். வெறும் எழுத்தை மட்டும் எடுத்துப் புது ஃபைலில் ஒட்டினாள்.

அங்கேயும் அதே சதுரம்.

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"அதென்னங்க ஓட்டை? மூடுங்க," என்று பாலுசாமி எழுந்து வந்தார். திரையில் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

விரல் நுனி நனைந்திருந்தது.

டர்ர்ர்...

பிரிண்டர்.

யாரும் பிரிண்ட் கொடுக்கவில்லை.

தாள் தாளாக வந்து விழுந்தது. எல்லாமே இணைச்சீர்ப் பக்கம். எல்லாவற்றிலும் அந்தச் சதுரம்...

பாலுசாமியின் முகம் வெளுத்தது. "புஸ்தகம் வேண்டாமுங்க. அது இல்லீன்னாலும் சீரு நடக்குமுங்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று காரில் ஏறிப் போய்விட்டார்.

சீர் நடந்தது. பங்காளி வீட்டுப் பெண்தான் நின்றாள். கல்யாணமும் ஜாம்ஜாம் என்று முடிந்தது.

அடுத்த வாரம் ரூபன் கடைக்கு வந்தான். தாடியும் சிவந்த கண்ணுமாக இருந்தான். "ஒரு போட்டோவ பெருசு பண்ணோணுங்க," என்று செல்போனை நீட்டினான். பிரவீனா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்ண்ணா?"

"மாலை போடறதுக்குங்க." அவன் செல்போன் திரையைச் சட்டையில் துடைத்தான். "பிரசவத்துல போயிட்டாளுங்க. பாப்பா மட்டும் பொழச்சுது. இணைச்சீர் அன்னைக்கு விடியக்காலையில... அவ மேல போத்தறதுக்குப் பொறந்த ஊட்டுக் கோடிச் சேலை வருமுன்னு பொழுது எறங்கற வரைக்கும் பொதைக்காம வெச்சிருந்தோமுங்க. வரலீங்க."

"அவிங்களுக்குச் சேதியே தெரியாதுங்ளே?"

"உசுரு போனதுமே மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னனுங்க. வெளிய தெரிஞ்சா தீட்டாயிரும், கல்யாணம் நின்னுபோயிரும், யாருகிட்டயும் மூச்சு உடாதீங்கன்னாருங்க."

பெற்ற மகள் செத்த சேதியைக் கேட்டுவிட்டு, குளித்து, நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு, கடை திறந்ததும் வந்து, அந்தப் பங்காளி வீட்டுப் பெண்ணின் போட்டோவைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தவர் பாலுசாமிதான்.