துருவி கேட்காமல் விட்ட ஆள்

அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தவர் பத்திரிகை ஆசிரியர். அந்த மாத இதழில் அவள் பிழை திருத்துபவளாகச் சேர்ந்த புதிது. ஒரு கவிஞர் தன் பேட்டியின் அச்சுப்படியைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். கணவன் பெயரைப் பெண்கள் தங்கள் பெயரோடு ஒட்டவைத்துக்கொள்வது அடிமைத்தனம் என்று அந்தப் பேட்டியில் முழங்கியிருந்தார். பிழை திருத்திக்கொண்டிருந்தவள் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்: "சார், உங்க வீட்டம்மா பேருக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

கவிஞர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பேர்தான்."

"அவங்களா போட்டுக்கிட்டாங்களா?"

"பேங்க்ல போட்டுட்டாங்க."

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்களா?"

உள்ளறையில் இருந்த ஆசிரியர் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே வந்துவிட்டார். "ஏம்மா, பாவம், மனுஷனை இப்படியா துருவித் துருவிக் கேப்பே?" என்றார். கவிஞரும் நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளாமல், அந்தக் கேள்வியையும் சேர்த்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதத்திலிருந்து பேட்டிப் பக்கங்கள் அவள் கைக்கு வந்தன. பெயரும் ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கண்ணாடிக் கடைக்காரர்கூட, "துருவி மேடம், இன்னைக்கு யார் தலை உருளப்போகுது?" என்று கேட்கிற அளவுக்கு.

மாதம் ஒரு எழுத்தாளர், மாதம் ஒரு சண்டை. சாதி விட்டுச் செய்யும் திருமணம், பிள்ளை வேண்டாம் என்று தீர்மானிக்கும் பெண், பள்ளியில் எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது என்று, எதைப் பேசினால் சாப்பாட்டு மேசையிலிருந்து பாதிப் பேர் எழுந்து போவார்களோ அதைத்தான் அவள் எடுப்பாள். ஆனால் சண்டை போட மாட்டாள். புத்தகத்தை இரண்டு தரம் படித்துவிட்டுப் போவாள். கேட்பாள். பதில் வந்த பிறகும் சும்மா உட்கார்ந்திருப்பாள். பேசி முடித்த மனிதர்களால் அந்த அமைதியைப் பொறுத்துக்கொள்ள முடியாது. பொறுக்க மாட்டாமல் ஒன்று சொல்வார்கள் பாருங்கள், அதுதான் சரக்கு என்பது அவள் கட்சி. பிள்ளை பெறாமல் வாழ்வதைப் பற்றிக் கதைகள் எழுதிய ஒரு பெண்மணி அப்படித்தான், எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மடியில் ஏறிப் படுத்துவிட்ட பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தட்டிக்கொண்டே, "இதையும் எழுதிருங்க. எனக்குப் பிள்ளைங்களையே பிடிக்காதுன்னு நினைச்சுக்கப்போறாங்க" என்றார்.

வீட்டில் மட்டும் அவள் வித்தை செல்லாது. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "ஏங்க, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று அவள் தொடங்கினாலே, "ஆபீஸ்ல கேட்டது போதும்மா, இங்க ஹாரன் அடிக்காதே" என்று கும்பிடு போட்டுவிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த நாவல் வந்தது. தகப்பனை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடும் ஒரு மகளின் கதை. எழுதியவர் எழுபதை நெருங்கியவர், மனைவியை இழந்தவர், யாருக்கும் பேட்டி கொடுக்காதவர். புத்தகம் வந்ததும் ஊரே இரண்டுபட்டது. ஒரு வாசகர் வட்டம் கூட்டத்தை ரத்து செய்தது. யாரோ அவர் வீட்டு கேட்டில் சிவப்பு பெயிண்டால் 'ஈவிரக்கம் இல்லாதவன்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். துருவி விடாமல் தொலைபேசியில் நச்சரித்து, கடைசியில் அவர் "வந்து தொலைங்க" என்று சொல்லும்படி செய்துவிட்டாள்.

அந்தப் புத்தகத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவள் அம்மாவும் ஒரு முதியோர் இல்லத்தில்தான் இருந்தாள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டபோது, மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் மாடி வீட்டில் தனியாக எப்படி விடுவது என்ற பேச்சு எழுந்தது. அண்ணன் இருப்பதோ வேறு ஊரில். அண்ணனும் தங்கையும் போனிலேயே பேசி முடிவெடுத்தார்கள். அம்மாவிடம் சொன்னபோது அவள் "சரி" என்றாள், அவ்வளவுதான். ஆனால் உறவுக்காரர்கள் கேட்டால் துருவி, "அம்மா அண்ணன் வீட்ல இருக்காங்க" என்று சொல்லிவந்தாள்.

நாவலாசிரியர் முதல் நாள் வெளுத்து வாங்கினார். "அந்தப் பொண்ணு செஞ்சது நூத்துக்கு நூறு சரி. என்னைத் திட்டுறவன்ல எத்தனை பேர் அப்பாவோட வேட்டியைத் துவைச்சிருப்பான்? வீட்ல வச்சு ஒரு மூலையில மறந்துபோறதுக்கு, கவனிக்கிற இடத்துல விடுறது மேல்." அவர் பேசப் பேசத் துருவிக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்குவதுபோல் இருந்தது. வாசலில் விடைபெறும்போது அவர் கையைப் பிடித்துக் குலுக்காத குறை.

பேருந்தில் உட்கார்ந்து ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டாள். தொடக்கத்தில் நலம் விசாரித்தது இருந்தது, டீ வந்தது இருந்தது, அதோடு நின்றது. டீ குடிப்பதற்காக நிறுத்தியவள் மறுபடி அழுத்தவே இல்லை. நடத்துநர் டிக்கெட் கேட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

மறுநாளைக்கு மறுநாள் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள். திட்டுவார் என்று நினைத்தால், அவர் சிரித்துவிட்டார். "உட்காருங்க. மறுபடி சொல்றேன். முதல்ல அதை அழுத்துங்க."

அழுத்தினாள். அதே கேள்வியைக் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பொண்ணு செஞ்சது தப்புதான்" என்றார்.

துருவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார், முந்தாநாள் நூத்துக்கு நூறு சரின்னு சொன்னீங்க!"

"முந்தாநாள் நான் உங்ககிட்டயா பேசினேன்? கேட்ல பெயிண்ட் அடிச்சுட்டுப் போனானே, அவன்கிட்டல்ல பேசிட்டிருந்தேன்! அவன் தப்புன்னான், நான் சரின்னேன். இன்னைக்குத்தான் அவன் இல்லை, நீங்க மட்டும் இருக்கீங்க."

"அப்ப இல்லத்துல விட்டது தப்புங்கிறீங்களா?"

"விட்டதைச் சொல்லலை. முந்நூறு பக்கத்துல அவ அப்பாகிட்ட ஒரு தடவையாவது, 'உனக்கு என்னப்பா வேணும்?'னு கேட்டாளா? கேக்கலை. நான்தான் கேக்க விடலை." அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "கேட்டிருந்தா கதை பதினஞ்சாவது பக்கத்துலயே முடிஞ்சிருக்கும். அப்புறம் நாவலுக்கு நான் எங்க போறது?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எதிரில் இருந்தவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்துச் சிரிப்பை நிறுத்தினார். "என்னம்மா, முகம் வாடிப்போச்சு?"

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "நான் கதைக்காகக் கேக்க விடலை. நீங்க எதுக்காகக் கேக்கலை?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவளைப் போலவே சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த அமைதி எவ்வளவு கனம் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வார விடுமுறையில் இல்லத்துக்குப் போனாள். வாராவாரம் போகிறவள்தான்; பழமும் மாத்திரையும் கொடுத்து, டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்துவிட்டு வருவாள். அன்று அம்மா பொது அறையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். "இரு, இந்த ஆட்டம் முடியட்டும்" என்று மகளைக் காக்க வைத்தாள். ஜெயித்த பிறகுதான் எழுந்தாள். வெளியே வேப்பமரத்தடிப் பலகையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

எத்தனையோ பேரை ஆட்டிவைத்தவளுக்கு வாய் வரவில்லை. அம்மாவே, "என்னடி, பேட்டி எடுக்க வந்தவ மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்றாள்.

"பேட்டின்னே வச்சுக்கோயேன். உனக்கு இங்க வந்தது பிடிச்சிருந்ததாம்மா?"

"பிடிக்கலை."

துருவி பலகை நுனிக்கு நகர்ந்தாள்.

"வந்த புதுசுல கொஞ்சம்கூடப் பிடிக்கலை. உன்மேல அவ்வளவு கோபம். போன்ல நல்லா இருக்கேன்னு சொல்லுவேன்ல? வச்சதும் திட்டுவேன்."

"என்னன்னு திட்டுவே?"

"அதெல்லாம் உன் பத்திரிகையில போட முடியாது."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. "இப்ப?" என்றாள் மகள்.

"இப்பப் பழகிருச்சு. சொல்லப்போனா நல்லாவே இருக்கு. உன் வீட்ல நீங்க வர்ற வரைக்கும் நான் பேச ஒரு ஜீவன் கிடையாது. இங்க சண்டை போடவாவது ஆள் இருக்கு. ஆனா 'சரி'ன்னு நான் சொன்ன அன்னைக்கு, நீ 'ஏம்மா சரிங்கிறே?'ன்னு ஒரு வார்த்தை கேப்பேன்னு பாத்தேன். ஊரையெல்லாம் கேக்குறவ, என்னைக் கேக்கலை."

துருவி பதில் சொல்லவில்லை. இந்த முறை அது வித்தை அல்ல, உண்மையிலேயே சொல்ல ஒன்றும் இல்லை. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. செருப்பு நுனியால் ஒரு வேப்பம்பழத்தை உருட்டிக்கொண்டே, குரலை இறக்கிக் கேட்டாள்: "உன் சித்தி ஏன் ஒரு தடவைகூட வந்து பாக்கலைடி? இதே ஊர்லதானே இருக்கா? அவளுக்கு என்மேல என்ன வருத்தம்?"

"வருத்தமெல்லாம் இல்லம்மா. நீ அண்ணன் வீட்ல இருக்கேன்னு நான்தான் சித்திகிட்ட சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னு..."

அம்மா அவளைப் பார்த்த பார்வையில் மரமே பட்டுப்போயிருக்கும். "நாலு பேர் பேசக் கூடாதுன்னு, என்கிட்ட பேச வேண்டிய ஒருத்தியையும் வரவிடாம பண்ணிட்டியே! எடு போனை."

"இப்பவேவா?"

"பின்ன, நல்ல நேரம் பாக்கணுமா?"

மணி அடித்ததும் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு, "நான்தான்டி" என்றாள். எதிர்முனையில் சித்தியின் குரல் வெடித்தது. "அக்காவா? இப்பத்தான் தங்கச்சி ஞாபகம் வந்துச்சா? மகன் வீட்டுக்குப் போனதும் ஒரு போன்கூடப் பண்ணத் தோணலை, இல்ல?"

"நீ ஏன்டி பண்ணலை?"

"நான் ஏன் முதல்ல பண்ணணும்?"

"அதையேதான் நானும் நினைச்சுட்டு இருந்தேன்!"

வேலையில் இருந்த காலமெல்லாம் ஊருக்கே லைன் போட்டுக் கொடுத்தவள், சொந்தத் தங்கைக்கு ஒரு லைன் போடாமல் வீம்பு பிடித்திருந்தாள். உண்மை வெளிவந்ததும் அக்காவும் தங்கையும் கட்சி மாறி ஒன்றாகச் சேர்ந்துகொண்டு துருவியை ஒரு பிடி பிடித்தார்கள். போனை அவள் காதில் வைக்கக்கூட அவசியம் இருக்கவில்லை. தள்ளி உட்கார்ந்தாலே நன்றாகக் கேட்டது. அன்று சாயங்காலமே சித்தி வந்து இறங்கினாள். பின்னாலேயே மற்ற உறவுக்காரர்களும் தொலைபேசி நிலையத்துப் பழைய தோழிகளும் வரத் தொடங்க, பார்வையாளர் நேரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று இல்லத்து மேற்பார்வையாளர் அம்மாவிடம் பணிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்தார்கள். வீடு இருக்க இல்லமா என்று ஒரு அத்தை முகத்துக்கு நேராகவே கேட்டாள். அம்மா சீட்டைக் கலைத்துக்கொண்டே, "ஒரு கை குறையுது, நீ உட்காரு" என்றாள்.

இனிப் பேட்டி. ஆசிரியருக்கு 'நூத்துக்கு நூறு சரி'தான் வேண்டும். "அதைத் தலைப்பா போட்டா இதழ் பறக்கும்மா."

"அது பதிவே ஆகலை சார்."

"உனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு. ரெண்டாவது சொன்னதும் ஞாபகம் இருக்கு. ரெண்டையும் போடுவேன், எப்படி மாறுச்சுங்கிறதையும் போடுவேன். இல்லேன்னா என் பக்கத்துல சமையல் குறிப்பு போட்டுக்கங்க."

நாவலாசிரியரும் சம்மதிக்க, நடந்தது நடந்தபடி அச்சானது. அவரை இரக்கமில்லாதவர் என்றவர்கள் இப்போது கோழை என்றார்கள். அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்கள் கட்சி மாறிவிட்டார் என்று முறுக்கிக்கொண்டார்கள். ஆனால் வாசகர் கடிதங்களில் வேறொரு வகையும் இருந்தது. தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போய்க் கேட்டவர்கள் அவர்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'உங்களுக்கு என்னப்பா வேணும் என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் குறை என்றார். குறைத்தேன். இவ்வளவு காலம் அவர் பாட்டுப் பிரியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.' ஆசிரியர் அதை அலுவலகம் முழுக்கப் படித்துக் காட்டினார்.

பேட்டி வந்த சில வாரங்களில் நாவலாசிரியர் அம்மாவைப் பார்க்க இல்லத்துக்கே வந்தார். அம்மா நாவலைப் படித்து முடித்துத் தயாராக இருந்தாள்.

"உங்க கதையில அந்த ஆளு எப்பப் பாத்தாலும் ஜன்னல் வழியா வெளியே பாத்துக்கிட்டே இருக்காரே, எங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லைன்னு நினைச்சீங்களா?" என்று பிடித்துக்கொண்டாள்.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "உங்களுக்கு வாய் இருக்கும்மா, கேட்டு வாங்கிப்பீங்க. வாய் இல்லாதவங்களும் இருக்காங்க. நான் எழுதினது அவங்களை."

அம்மா மறுபடி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவர் போன பிறகு மகளிடம், "கடைசி அறையில ஒரு அம்மா இருக்காங்க. யார்கிட்டயும் பேச மாட்டாங்க. நானும் பேசிப் பாத்தேன், என் சத்தத்துக்கே பயந்துட்டாங்க போல. நீ வர்றப்போ கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காரேன். பதிவு பண்ற மெஷினெல்லாம் வேண்டாம்" என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் துருவி அந்த அறைக்குப் போனாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பேருந்தில் பார்த்தது, கணவரிடம் கார் கற்றுக்கொள்ள வந்து கேட்டையே இடித்த ஆள் என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். பல வாரம் கழித்து, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்த அம்மாள் மெல்லத் திரும்பி, "அந்த ஆளுக்கு லைசென்ஸ் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லம்மா," என்றாள் துருவி, நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டு. "நேத்து என்ன பண்ணார் தெரியுமா?"